நேவா வெள்ளமும் பாவ்லோவின் நாய்களும்

1924 செப்டம்பர் 23 அன்று நேவா ஆறு பெருக்கெடுத்து லெனின்கிராட் நகருக்குள் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் சோதனை நாய்கள் இருந்த கூண்டுகளிலும் தண்ணீர் ஏறியது. அவற்றைச் சிறு சிறு கூட்டமாக நீந்தவைத்து ஆய்வகக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். விளைவு பிறகுதான் தெரிந்தது. சில நாய்களிடம் நெடுநாள் பயிற்சியில் படிந்திருந்த பழக்கங்கள் காணாமல் போயிருந்தன. உணவை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு நாய், சோதனையாளர் கூடவே அறையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பழையபடி நடந்துகொண்டது. அது தேறிய பிறகு, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். கொடிய சோதனைதான். உடனே பழைய கலவரம் திரும்பிவிட்டது.

எல்லா நாய்களும் இப்படி ஆகவில்லை என்பதுதான் முக்கியம். வித்தியாசம் நரம்பு மண்டலத்தின் இயல்பில் இருக்கிறது என்றார் பாவ்லோவ். மற்றொன்றையும் அவர் முன்பே கண்டிருந்தார்: உணவோடு சேர்த்துப் பழக்கிய ஒலியை, உணவு தராமல் திரும்பத் திரும்ப எழுப்பினால் எச்சில் ஊறுவது நின்றுவிடும், சற்று இடைவெளி விட்டால் தானாகவே மீண்டும் வரும். கற்றது அழிவதில்லை, அடக்கிவைக்கப்படுகிறது. அச்சத்துக்கும் இதே கதிதான்.

இனி மனிதர்களுக்கு வருவோம். முதல் உலகப் போரின் ‘ஷெல் ஷாக்’ முதல் வியட்நாம் வரை சிப்பாய்களிடம் கண்ட துன்பத்துக்கு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்ற முறையான நோய்ப்பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. அந்நோய் உள்ளவர்களுக்கு வண்ண வட்டங்களோடு மெல்லிய மின் அதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வாளர் ஸ்காட் ஓரின் குழு, அவர்கள் அச்சத்தை எளிதில் கற்பதையும் மெதுவாகவே விடுவதையும் 2000-இல் காட்டியது. ஆனால் நோய் வந்த பின் அளந்தால், இது காரணமா விளைவா என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஆபத்துக்கு முன்பே அளக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் தீயணைப்புப் பயிற்சி பெறுபவர்களிடம் நடத்தி 2006-இலும், ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்ட டச்சு வீரர்களிடம் நடத்தி 2013-இலும் வெளியான ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டின: அச்சம் தணிய நேரமெடுத்தவர்களுக்கே பின்னாளில் அறிகுறிகள் அதிகம். அச்சத்தை எவ்வளவு வேகமாகக் கற்கிறோம் என்பதைவிட, ஆபத்து நீங்கியதை எவ்வளவு எளிதில் கற்கிறோம் என்பதே இங்கே பெரிதாகத் தெரிகிறது.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. 2008-இல் ஆய்வாளர் முகமது மிலாதின் குழு, போர்முனை கண்ட வீரர்களையும் போருக்கே போகாத அவர்களின் இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டது. அச்சம் தணிந்ததை மறுநாள் நினைவில் வைத்திருக்கும் திறன் நோயுற்ற வீரர்களிடம் குறைந்திருந்தது. சகோதரர்களிடம் அந்தக் குறை இல்லை. ஆக, பலவீனத்தில் ஒரு பகுதி முன்பே இருப்பது, இன்னொரு பகுதி அதிர்ச்சியே விட்டுச்செல்வது.