காற்றை அழைத்த அலங்காரம்

வீட்டை அழகுபடுத்துவது என்றவுடன் சுவர் வண்ணமும் திரைச்சீலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அழகையும் பயனையும் பிரித்துப் பாராத மரபொன்று கெய்ரோ நகரில் தழைத்திருந்தது. 1648இல் கட்டப்பெற்று 1796இல் விரிவாக்கப்பட்ட பைத் அல் சுஹைமி என்னும் இல்லம் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது.

அதன் சாளரங்களை மஷ்ரபிய்யா எனப்படும் மரப்பின்னல்கள் அணிசெய்கின்றன. கடைசல் பிடித்த சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி இவற்றை அமைத்தனர். பெருமரங்கள் அரிதான எகிப்தில் சிறு துண்டுகளும் இதனால் பயன்பட்டன. வெப்பத்தில் மரம் சுருங்கினாலும் பின்னல் பிளவுபடவில்லை. கண்மட்டத்தில் நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் இடைவெளி விட்டதால், கண்கூசும் ஒளி தணிந்தது, காற்றோ தடைபடவில்லை. உள்ளிருப்போர் தெருவைக் காணலாம். தெருவில் செல்வோர் உள்ளே காண இயலாது.

அவ்வில்லத்தின் தக்தபூஷ் என்பது, நிழல் சூழ்ந்த முற்றத்துக்கும் வெயில் மிகுந்த பின்தோட்டத்துக்கும் இடையிலுள்ள அமர்விடம். தோட்டத்துக் காற்று சூடேறி மேலெழும்போது, முற்றத்தின் குளிர்காற்று அதன் வழியே பாய்கிறது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ (1900–1989) 1986இல் வெளிவந்த தம் நூலில் இதனை விளக்கியுள்ளார்.

இன்று நாம் மரப்பின்னலின் வடிவத்தை மட்டும் எடுத்துத் திறவாத கண்ணாடியின் மேல் ஒட்டிவிட்டு, உள்ளே குளிர்சாதனத்தை இயக்குகிறோம். இது மரபைப் பேணுவதாகாது. வண்ணத்தைத் தேர்வதற்கு முன், காற்று வரும் திசையையும் வெயில் விழும் சுவரையும் நாம் அறிதல் வேண்டும். அவ்வறிவோடு அமைக்கும் எளிய தட்டியும் வீட்டுக்கு அழகே.