ஆறடிக்கும் ஒரு விலை

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நாலைந்து ஏக்கர் வாங்கி, சுவர் எழுப்பி, புல்தரை போட்டு, தனியார் கல்லறைத் தோட்டம் நடத்தினால் கட்டுப்படியாகுமா? கேலிக்குரிய கேள்வியல்ல இது. நகரத்தில் புதைக்க இடமில்லை. கீழ்ப்பாக்கம் கல்லறையில் பழைய குடும்பக் குழியைத் திறந்துதான் அடுத்தவரைப் புதைக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பாதைக்கும் மரத்துக்கும் பாதி போனால் மிச்சம் 21,780. எட்டடிக்கு நாலடி என்று குழிக்கு 32 சதுர அடி வைத்தால் ஏக்கருக்கு 680 குழி. ஒரு குழியை ஒரு தடவைதான் விற்கலாம். காவலும் தண்ணீரும் கூலியும் என்றைக்கும் தீராத செலவு. நிலத்தை வேறு எதற்கும் திருப்பவும் முடியாது. போதாததற்கு, 1999ஆம் ஆண்டு ஊராட்சி விதிகளின்படி உரிமம் வேண்டும். உரிமமில்லாத இடத்தில், குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கக்கூடாது. ஆக, நிலம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால்தான் இந்த வியாபாரம் நிற்கும்.

அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற நிலம் யாருடையது? செங்கல்பட்டின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

பிணத்துக்கு மரியாதை செய்யத் தெரியாத மண்ணல்ல இது. மதுராந்தகம் பக்கம் சானூரில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த பெருங்கற்கால ஈமக்குழிகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையவை. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சு வியாபாரிகளின் கல்லறைகள் செதுக்கிய எழுத்தோடு இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மத்திய அரசே காவல். நம் பாட்டன் பூட்டன் புதைந்த இடமோ ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் அடையாளமற்றுக் கிடக்கிறது.

செத்தவனுக்கு மட்டுமா நிலமில்லை? செங்கல்பட்டு மிராசு முறையில் சேரிக்காரன் குடிசை போட்ட மனைகூட மிராசுதாரன் கையில்தான். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்பான். இந்த நிலைமையை 1891இல் அறிக்கையாக எழுதியவர் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர். அதன் விளைவாக 1892இல் அரசாணை எண் 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. தமிழகம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது ஊரறிந்த சேதி. கடனுக்கும் கைநாட்டுக்கும் போனது. பிறகு மனைப்பிரிவாகிப் போனது.

மாமல்லபுரம் அருகே காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் கேட்டவனுக்கு அரசு கொடுத்தது அந்த ஆறடிதான். ஆகவே கடற்கரையோரம் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று தரகர் காட்டினால், முதலில் ஏ-பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா கிடக்கிற நிலம் இந்த மாவட்டத்தில் ரொம்பக் குறைச்சல். பறித்த நிலம்தான் அதிகம்.

அடுத்தது, உள்ளே யாரைப் புதைப்பார்கள்? காசு கொடுத்தவன் யாரானாலும் என்பார்கள். அமெரிக்காவில் 1951இல் நடந்ததைக் கேளுங்கள். கொரியப் போரில் செத்த பூர்வகுடிச் சிப்பாய் ஜான் ரைஸின் சவப்பெட்டியைச் சூ நகரத் தனியார் கல்லறைத் தோட்டம் திருப்பி அனுப்பியது. வெள்ளையருக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஜனாதிபதி ட்ரூமன் தலையிட்டு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் புதைக்கச் செய்தார். அங்கே ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இங்கே எழுதக்கூட வேண்டாம், விலையும் சிபாரிசுமே போதும். சுவர் எழுப்புவதில் நம்மாட்கள் யாருக்கும் சளைத்தவர்களல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் கிறிஸ்தவனையும் கிறிஸ்தவனையும் பிரித்ததும் ஒரு சுவர்தானே? 2019இல் வாணியம்பாடி அருகே பாதை மறிக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அது எந்தக் காலத்துக் கதை?

கடைசியாக ஒன்று. குழி வெட்டுவது யார்? இத்தனை காலம் ஊர்ப் பிணத்துக்கெல்லாம் குழி வெட்டியது நம் கைதான். வாய்க்கரிசிக் காசும் வசவும்தான் கூலி. நாளைக்குப் புல்தரைக் கல்லறை வந்தாலும் மண்வெட்டி நம்மிடம்தான் வரும், முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அந்த வேலை சாதியால் வரக்கூடாது. சம்பளம், வைப்புநிதி, கையுறையோடு யார் வேண்டுமானாலும் செய்கிற வேலையாக அது மாறவேண்டும்.

தனியார் கல்லறை கட்டுப்படியாகலாம், ஆகாமலும் போகலாம். அது வியாபாரிகள் பாடு. நமக்கு வேண்டியது வேறு: ஊருக்கு ஒரே இடுகாடு, அதற்குத் தடையில்லாத பாதை. சுடுகாட்டில் சாதிப் பலகையை அகற்றச் சொல்லி 2021இல் உயர்நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவோடு ஒவ்வொரு கிராமசபையிலும் எழுந்து நில்லுங்கள். செத்தவனுக்கு ஆறடி கேட்கும்போதே, உயிரோடிருப்பவனுக்குப் பஞ்சமி நிலத்தையும் சேர்த்தே கேளுங்கள்.