கடல் கடந்த மீன்முட்டைகள்

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களும் உடன்படிக்கைகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஓர் அரசு தன் எல்லையை விரித்த கதையை அது கப்பலில் ஏற்றிச் சென்ற விதைகளிலும் செடிகளிலும் விலங்குகளிலும்கூடப் படித்தறியலாம். 1876-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு இரப்பர் விதைகள் கொண்டுசெல்லப்பட்டன. மறு ஆண்டிலேயே 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. பின்னாளில் மலாயாவின் முகத்தையே மாற்றிய மரம் அது. அம்மரத்தின் நிழலைத் தொடர்ந்தே தமிழர் பல்லாயிரவர் இம்மண்ணில் கால்வைத்தனர். ஆதலின், ஒரு விதையின் பயணம் எத்துணைப் பெரிய வரலாற்றைத் தன்னுள் அடக்க வல்லது என்பதை மலேசியத் தமிழருக்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், விதையைப் போலவே மற்றொன்றும் கப்பலேறியது. அது டிரௌட் என்னும் மீனின் முட்டை. அதனைக் கொண்டுசென்றோர் முதன்மையாக நாடியது உணவையன்று, வாணிகத்தையுமன்று. ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் நிற்கும் இன்பத்தையே அவர்கள் நாடினர். ஓர் இனத்தாரின் பொழுதுபோக்குக்காக உலகின் மறுகோடி ஆறுகளுக்கு ஒரு மீன் குடிபெயர்ந்த வரலாறு சிந்தனைக்குரியது.

குளிர்நீரின் மீன்

பழுப்பு டிரௌட் ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் உரியது. தெளிந்து ஓடும் நீரும், அந்நீரில் நிறைந்த உயிர்வளியும், கூழாங்கற்கள் பரவிய அடிநிலமும் அதற்கு இன்றியமையாதவை. நீர் சற்றே வெதுவெதுப்பானாலும் அது சோர்ந்துவிடும். குளிர்காலத்தில் பெண்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழிபறித்து முட்டையிடுகிறது. நீரின் குளிர்ச்சிக்கு ஏற்ப முட்டை பொரியும் காலம் நீளும். வெப்பம் மிகுந்தால் குறுகும். இவ்வியற்கை நியதியே பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் திறவுகோலாக அமைந்தது.

இம்மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிலைத்து நின்று, மிதந்துவரும் பூச்சிகளைக் கவ்வும். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோல் செய்து, அதனை நீர்மேல் மெல்ல விழச்செய்து பிடிப்பதே ஆங்கிலேயர் போற்றிய தூண்டிற்கலை. மீனின் கண் கூர்மையானது. கரையில் நிழலாடினாலும் மறைந்துவிடும். பொறுமையும் நுண்ணறிவும் வேண்டிய இக்கலையில் பழகியவர்கள், எந்நாட்டுக்குச் சென்றாலும் அந்நாட்டு ஆற்றில் அம்மீனைத் தேடியதில் வியப்பில்லை.

தோல்விகள் கற்பித்த பாடம்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தாஸ்மானியத் தீவின் தட்பவெப்பம் இங்கிலாந்தை ஓரளவு ஒத்திருந்தது. அங்குக் குடியேறியவர்கள் சால்மன் மீனையும் டிரௌட் மீனையும் தங்கள் ஆறுகளில் காண விழைந்தனர். ஆனால் இடையில் இருந்ததோ வெப்பமண்டலக் கடல். பாய்மரக் கப்பல் அதனைக் கடந்து சேர மூன்று திங்களுக்குமேல் ஆயிற்று.

1852-இல் கொலம்பஸ் என்னும் கப்பலில் முதல் முயற்சி நடைபெற்றது. வெப்பக் கடலில் நீர் சூடேறியதால் முட்டைகள் அழிந்தன. 1860-இல் மீண்டும் முயன்றனர். ஏற்றிச் சென்ற பனிக்கட்டி வழியிலேயே தீர்ந்துபோயிற்று. 1862-இல் பியூட்டிஃபுல் ஸ்டார் என்னும் கப்பலில் மூன்றாம் முயற்சி. அதுவும் தோல்வியே. எனினும், அத்தோல்வியில் ஓர் உண்மை புலப்பட்டது. ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிகளுக்கிடையே வைக்கப்பட்ட ஒரு சிறு பெட்டியின் முட்டைகள், மற்றவற்றைவிட நெடுநாள் உயிரோடிருந்தன.

தாஸ்மானியாவில் வாழ்ந்து பின்னர் இங்கிலாந்தில் தங்கியிருந்த ஜேம்ஸ் யூல் என்பவர் இக்குறிப்பைப் பற்றிக்கொண்டார். இலண்டனில் பனிக்கட்டி வணிகம் செய்த வென்ஹாம் ஏரி நிறுவனத்தின் கிடங்கில், பாசியில் பொதிந்த முட்டைகளை வைத்து ஆய்வு செய்தார். உறைநிலையை ஒட்டிய குளிரில் கருவின் வளர்ச்சி மிக மெதுவாக நிகழ்கிறது. நீண்ட பயணம் முடியும்வரை முட்டை பொரியாமல் காத்திருக்கிறது. ஓடும் நீர் தேவையில்லை. ஈரமும் குளிரும் இருந்தாலே போதும் என்பது உறுதியாயிற்று.

1864-ஆம் ஆண்டு சனவரியில் நார்ஃபோக் என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் பனிக்கட்டி அறை அமைத்து, பாசி நிரப்பிய மரப்பெட்டிகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சால்மன் முட்டைகளை அடுக்கினர். அவற்றோடு ஏறத்தாழ 3,000 டிரௌட் முட்டைகளும் சென்றன. மீனியல் ஆர்வலர்களான ஃபிராங்க் பக்லண்டும் பிரான்சிஸ் பிரான்சிசும் இவற்றை வழங்கினர். வில்லியம் ராம்ஸ்பாட்டம் என்பவர் முட்டைகளுக்குக் காவலராகச் சென்றார். ஏப்ரல் நடுவில் கப்பல் மெல்பர்ன் துறையை அடைந்தது. அங்கிருந்து வேறொரு கப்பலில் ஹோபர்ட் சென்று, பிளென்டி ஆற்றங்கரையில் வெட்டப்பட்டிருந்த பொரிப்புக் குளங்களில் முட்டைகள் இடப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் முதல் டிரௌட் குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்தது. பொரிந்த டிரௌட் குஞ்சுகள் சில நூறே.

விரும்பியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று

அனைவரும் எதிர்பார்த்தது சால்மனையே. சால்மன் குஞ்சுகள் வளர்ந்து, தம் இயல்புப்படி கடலை நோக்கிச் சென்றன. அவை திரும்பி வரவேயில்லை. துணைப்பொருளாகச் சென்ற டிரௌட் மீனோ அங்கேயே தங்கி, 1866-இல் குளத்திலேயே முட்டையிட்டது. அதன் வழிவந்த முட்டைகள் 1867-இல் நியூசிலாந்தை அடைந்தன. 1870-இல் தாஸ்மானியாவின் நடு மேட்டுநிலத்துப் பேரேரியிலும் டிரௌட் விடப்பட்டது. பின்னர் மின்னாற்றலுக்காக எழுந்த அணைகள் அம்மேட்டுநிலத்தில் ஏரிகளைப் பெருக்கின. கரைகளில் தூண்டிற்காரர்களின் சிறு குடில்கள் எழுந்தன. உலகத் தூண்டிற் போட்டிகள் 1988-இலும் 2019-இலும் அத்தீவில் நடைபெற்றன என்பதொன்றே அதன் புகழுக்குச் சான்று.

இவ்வெற்றிக்குள் ஒரு சமுதாய மாற்றமும் அடங்கியுள்ளது. இங்கிலாந்தில் உள்நாட்டு ஆறுகளில் மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் கரைநிலத்துக்கு உரியவர்களிடமே இருந்தது. உழைக்கும் மகன் ஒருவன் செல்வரின் ஓடையில் தூண்டில் போட்டால் தண்டனைக்கு ஆளாவான். குடியேற்ற நாட்டிலோ, சிறு கட்டணம் செலுத்தி உரிமச்சீட்டுப் பெற்ற எவரும் தூண்டில் வீசலாம் என்ற முறை வேரூன்றியது. நியூசிலாந்தில் டிரௌட் மீனை விற்பதை இன்றும் சட்டம் தடுக்கிறது. அதனைப் பிடித்து உண்ணலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கடையில் விற்க இயலாது. ஒரு காலத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்த மீன், பொதுமக்களின் உடைமையாயிற்று.

ஆனால், அப்பொதுமக்கள் யாவர் என்ற வினாவும் எழுகிறது. நார்ஃபோக் கப்பல் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னர்தான், தாஸ்மானியப் பழங்குடியினர் போரால் சிதைக்கப்பட்டு, எஞ்சியோர் தீவு ஒன்றுக்கு அகற்றப்பட்டிருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். எனினும், ஆற்றில் எந்த மீன் வாழ வேண்டும் என்று அன்று அவர்களை எவரும் கேட்கவில்லை.

நீலகிரியும் இலங்கை மலைகளும்

இம்மீனின் பயணம் தமிழர் வாழும் மலைகளையும் விட்டுவைக்கவில்லை. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1860-களில் டிரௌட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். இவரே பின்னர் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டவர். இந்நாட்டு மீன்களை எண்ணி, பெயரிட்டு, படம் வரைவித்த அறிஞரே அயல்நாட்டு மீனையும் அழைத்துவர முயன்றார் என்பது அக்காலத்தின் மனநிலையைக் காட்டுகிறது. மேட்டுநிலத்து ஓடைகளில் தூண்டிலுக்கேற்ற பெரிய மீன் இல்லை. ஆகவே அவை நிரப்பப்பட வேண்டியவை என்பதே அவர்கள் எண்ணம்.

1879-இல் நீலகிரிக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேட்டை விலங்குகளோடு, புதிதாகக் கொண்டுவந்து பழக்கப்படுத்திய மீன்களுக்கும் அது காப்பளித்தது. டிரௌட் அம்மலையில் நிலைபெறுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே சட்டம் அதற்காகக் காத்திருந்தது எனலாம். 1907-ஆம் ஆண்டளவில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரௌட்டே அங்கு நிலைத்தது. அதன் பிறகு உதகையிலிருந்து அவலாஞ்சிக்கும் முக்கூர்த்திக்கும் தூண்டிற் பயணம் செல்வது மலைவாழ் ஆங்கிலேயரின் வழக்கமாயிற்று.

இலங்கையிலும் 1880-களில் நுவரெலியா ஓடைகளில் டிரௌட் விடப்பட்டது. 1896-இல் அங்கு மீன்பிடி மன்றம் ஒன்று தோன்றியது. காப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்த காலம் அது. அம்மலைகளில் காடு திருத்திப் பாதை வகுத்துத் தேயிலை நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். ஒரே மலைச்சரிவில், மேலே துரைமாரின் தூண்டில் ஓடை. கீழே தொழிலாளரின் லயன் வீடுகள். வரலாற்று நூல்கள் முன்னதன் நாளையும் ஆண்டையும் குறித்து வைத்துள்ளன. பின்னதில் வாழ்ந்தோரின் பெயர்கள்கூட முழுமையாக எஞ்சவில்லை.

நீரில் முன்பே இருந்தவை

வந்த மீன் பெரியது, பசி மிக்கது. முன்பே இருந்தவையோ பெரும்பாலும் சிறியவை. இத்தகைய பகையை அறியாதவை. தாஸ்மானியாவின் பெடர் ஏரியில் செதிலற்ற சிறுமீன் ஒன்று வாழ்ந்தது. 1972-இல் மின்திட்டத்துக்காக ஏரி மூழ்கடிக்கப்பட்டபோது, டிரௌட்டும் பிற மீன்களும் அங்குப் பெருகின. அச்சிறுமீன் தன் இயல்பான வாழிடத்திலிருந்து அறவே மறைந்தது. 1990-களில் எஞ்சியவற்றை அறிஞர்கள் டிரௌட் இல்லாத ஒரு மலையேரிக்கு மாற்றியிராவிடில் அதன் இனமே அற்றிருக்கும். மீனைக் கொண்டுவர ஒரு தலைமுறை செய்த முயற்சிக்கு நிகரான முயற்சியை, அதனிடமிருந்து மற்றொரு மீனைக் காக்க இன்னொரு தலைமுறை செய்ய நேர்ந்தது.

நியூசிலாந்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மாவோரி மக்கள் கூட்டங்கூட்டமாகப் பிடித்து உண்ட உப்போகோரோரோ என்னும் ஆற்றுமீன், காடழிப்பும் டிரௌட் வரவும் சேர்ந்த காலத்தில் குறைந்துகொண்டே வந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. அதற்குச் சட்டக் காப்பு வழங்கப்பட்ட ஆண்டு 1951. அப்போது காப்பதற்கு மீன் இல்லை. நீலகிரியில் மீன் வருமுன்னே சட்டம் வந்தது. நியூசிலாந்தில் மீன் போனபின்னே சட்டம் வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், யாருடைய மீன் முதலில் மதிக்கப்பட்டது என்பது தெளிவாகும். இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒருவகைச் சிறு இறாலும் வானவில் டிரௌட்டினால் இடர்ப்படுவதாக அறிஞர் எச்சரித்துள்ளனர்.

நீலகிரி மேட்டில் டிரௌட்டுக்காகப் பொரிப்பகம் எழுந்தபோது, அம்மலையடிவாரத்து மோயாற்றிலும் காவிரியிலும் கெண்டை இனத்தைச் சேர்ந்த பெருமீனாகிய திமில் மாசீர் நீந்திக்கொண்டிருந்தது. 1946-இல் காவிரியின் கிளையான கபினியில் 120 இறாத்தல் எடையுள்ள மாசீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. அப்பெருமீன் 2018-இல் உலக இயற்கைக் காப்பு ஒன்றியத்தின் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அணைகளும் வெடிவைத்து மீன்பிடிக்கும் கொடுமையும், நல்லெண்ணத்தோடு விடப்பட்ட வேற்றிட மாசீர்க் குஞ்சுகளும் அதற்குக் காரணங்கள்.

தாயகத்தை எண்ணி ஏங்குதல் குற்றமன்று. மலாயாத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழரும் லயன் வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வேம்பும் நட்டனர். அவையும் ஏக்கத்தின் விளைவுகளே. ஆனால், கொல்லையில் ஒரு செடி நடுவது வேறு; ஓர் ஆற்றையே வெற்றிடமெனக் கருதி அதில் தன் விருப்பத்தை நிரப்புவது வேறு. முன்னதற்கு ஏக்கம் போதும். பின்னதற்கு ஆட்சி வேண்டும்.

மாசீரின் நெருங்கிய உறவாகிய கெலா மீன் மலேசியாவின் மலையாறுகளில் இன்றும் வாழ்கிறது. தாமான் நெகாராவின் தாஹான் ஆற்றில் அதற்கென ஒரு காப்பிடமும் உண்டு. கயலையும் கெண்டையையும் வாளையையும் வராலையும் பழம்பாடல்களில் படிக்கும் மாணவர், தம் ஊர் ஆற்றில் இன்று எந்த மீன் வாழ்கிறது, எது வந்தேறியது, எது மறைந்தது என்றும் கேட்டறிதல் வேண்டும். எந்த நீரும் வெற்று நீரன்று. அதில் முன்பே வாழ்வோரின் பெயரை அறிந்துகொள்வதே வரலாற்றுக் கல்வியின் முதற்கடமை.