ராட்செட்டின் கதை, கொஞ்சம் அம்பத்தூர் கதையும்

சைக்கிளை மிதிக்காமல் உருட்டினால் பின்சக்கரத்தில் கட கடவென்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ராட்செட். உள்ளே ஒரு பல் வளையம், அதன் மேல் ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்கு. ஒரு பக்கம் சுற்றினால் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு இழுக்கும். மறுபக்கம் சுற்றினால் பல்லின் மேல் தாவித் தாவிப் போகும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று அம்பத்தூரிலிருந்து அனுப்பிய அத்தனை சைக்கிளிலும் இருந்தது இந்தத் தத்துவம்தான்.

இதையே ஸ்பானர் கைப்பிடிக்குள் வைத்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்காரர் ரிச்சர்ட்சன் 1863-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் கருவிப் பெட்டியையே மாற்றியது 1920-ல் மில்வாக்கியில் பிறந்த ஸ்னாப்-ஆன். அதன் நிறுவனர் ஜோசப் ஜான்சனின் யோசனை எளிமையானது: ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றி மாட்டினால் ஐம்பது ஸ்பானர். அதுவரை ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முழு ஸ்பானர் சுமந்தார்கள்.

நம் பக்கம் இது பரவலானது அறுபதுகளுக்குப் பிறகு. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எங்கு பார்த்தாலும் நட்டும் போல்ட்டும்தான்.

அந்தக் காலத்து மெக்கானிக்குக்கு ஒரு தலைவலி உண்டு. அரசாங்கம் 1958 முதல் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஆனால் அம்பாசடரும் பழைய இங்கிலீஷ் மெஷின்களும் அங்குலத்திலேயே நின்றன. ஆகவே பெட்டியில் இரண்டு செட் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு 10, 12, 14 மில்லிமீட்டர் சாக்கெட் வாங்கினாலும் அதை மாட்டும் சதுரம் அங்குலக் கணக்குதான்: கால், மூன்று எட்டில், அரை இஞ்ச்.

இனி தலை மடங்கும் ராட்செட்டுக்கு வருகிறேன். கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவே ஒரு கீல். நேராகக் கை நுழையாத இடத்தில் கைப்பிடியைச் சாய்த்து வேலை செய்யலாம்.

நான் பார்த்த ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் 'அண்ணே'. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்த ஒரு நட்டைக் கழற்ற, பக்கத்து பிராக்கெட்டையும் அவிழ்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. அண்ணன் பழைய ராட்செட் ஒன்றின் கழுத்தை அறுத்து, பின் போட்டுக் கீல் வைத்தார். வேலை ஐந்து நிமிடமானது. மடங்கும் தலை உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் அவர் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை, தானே யோசித்தது. பிறகு ஒவ்வொரு பெஞ்சுக்கும் அதே மாதிரி செய்து கொடுத்தார்கள். டிராயிங்கில் அவர் பெயர் இல்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயதுப் பையன், சியர்ஸ் கடையில் விற்பனையாளன். பட்டனை அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும் ராட்செட்டைக் கண்டுபிடித்தான். கம்பெனி அவனுக்குக் கொடுத்தது மொத்தம் 10,000 டாலர். லட்சக்கணக்கில் விற்றது. அவர் வழக்குப் போட்டார். ஏமாற்றித்தான் வாங்கினார்கள் என்று நடுவர் குழு சொன்னது. 10 லட்சம் டாலர் தீர்ப்பை 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்கு மேலும் இழுத்து, 1989-ல்தான் சமரசம். அவரால் வழக்காட முடிந்தது. காரணம், கையில் காப்புரிமைக் காகிதம் இருந்தது. நம் அண்ணனிடம் இருந்தது டிபன் கேரியர்.

ஆகவே பட்டறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: புதிதாக ஏதாவது செய்தால் தேதி போட்டு, படம் வரைந்து, கையெழுத்தோடு ஒரு பிரதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 24 பல் ராட்செட்டை ஒவ்வொரு தடவையும் 15 டிகிரி ஆட்ட வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கில் அதுதான் உதவும். ஆனால் பொடிப் பல்லில் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்தால் நாக்கு வழுக்கும், சுத்தம் முக்கியம். கீல் தொளதொளவென்று இருந்தால் தலை தொங்கி எரிச்சல் வரும். கோணத்தில் பூட்டி நிறுத்தும் வகை நல்லது. வீட்டில் பைக், கார் பார்ப்பவர்களுக்கு மூன்று எட்டில் இஞ்ச் ஒன்று போதும். தொழில் செய்பவர்கள் அரை இஞ்சில் கீல் இல்லாத ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம், கீல்தான் பலவீனமான இடம். துருப்பிடித்த வீல் நட்டை இதில் உடைக்கப் பார்க்காதீர்கள், கைப்பிடியில் பைப் மாட்டவே மாட்டாதீர்கள். முதல் இறுக்கத்தை நீளமான கம்பிக் கைப்பிடியால் தளர்த்திவிட்டு, பிறகு ராட்செட்டை எடுங்கள். வழுக்கினால் போவது கருவி மட்டுமில்லை, விரல் முட்டியும்தான்.