வால்வும் வம்சாவளியும்: தூய இன நாய்களின் இதயப் பரிசோதனை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1990 டிசம்பர் 6 அன்று, திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஓராண்டல்ல, பல்லாண்டுகள் நடந்த முயற்சி அது. முந்தைய வடிவங்கள் தோற்றன. பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கிய ஆய்வுப் பிரிவில் செம்மறியாடுகளில் சோதித்துத் தேறிய பின்னரே ‘சித்ரா வால்வு’ அறுவை அரங்குக்குள் நுழைந்தது. அத்தகைய வால்வுக்காகக் காத்திருந்தோரில் பெரும்பாலோர் இளவயதினர். சிறு வயதில் வந்த தொண்டைப் புண் கவனிக்கப்படாமல் போய், ருமாட்டிக் காய்ச்சலாக முற்றி, இதயத்தின் இதழ்களைச் சிதைத்துவிட்டிருந்தது. அந்நோயின் வேர் நெரிசலான வீடுகளிலும் எட்டாத மருத்துவத்திலும் இருந்தது.

நாய்களுக்கு வரும் இதய நோய்களில் மிகப் பரவலானதும் வால்வு நோயே. குறிப்பாக, இடப்பக்க ஈரிதழ் வால்வு மெல்லத் தடித்துக் கசியத் தொடங்கும் நோய். ஆனால் இதற்குத் தொண்டைப் புண் காரணமன்று. சில இனங்களில் அது பரம்பரையாக இறங்குவது. எந்த நாயை எந்த நாயோடு சேர்ப்பது என்று மனிதர்கள் எடுத்த முடிவுகளே அதைப் பெருக்கின. ஆகவே இதன் வரலாற்றை மருத்துவமனைப் பதிவேடுகளில் மட்டும் தேடினால் போதாது. வம்சாவளிப் பதிவேடுகளிலும் தேட வேண்டும்.

இதயத்தின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் கலையின் தொடக்கத்திலேயே ஒரு நாய் நிற்கிறது என்பது சுவையான செய்தி. மனித இதயத்தின் மின்னலையை 1887இல் இலண்டனில் முதலில் பதிவு செய்த அகஸ்டஸ் வாலர், தம் வளர்ப்பு புல்டாக் ஜிம்மியின் கால்களை உப்பு நீர் நிரம்பிய கலங்களில் நிறுத்தி அதன் இதயத் துடிப்பையும் காட்டினார். 1909இல் ராயல் கழகத்தில் நடந்த அத்தகைய காட்சி ஒன்று, விலங்குவதைச் சட்டம் மீறப்பட்டதா என்ற கேள்வியாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. கலத்தில் இருந்தது சாதாரண உப்பு நீரே என்று உள்துறை அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று. உப்பு நீரில் கால் நனைத்ததற்காகக் கவலைப்பட்ட அவையில், புல்டாக்கின் முகம் தலைமுறைதோறும் நசுக்கப்பட்டு வந்தது குறித்து அன்று கேள்வி எழவில்லை.

இனத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவு எண்களாக நிறுவப்பட்டது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அங்கே டெட்வைலரும் பேட்டர்சனும் 4,831 நாய்களைப் பரிசோதித்த முடிவுகளை 1965இல் வெளியிட்டனர். தொடர்ந்து பேட்டர்சன், பிறவி இதயக் குறைகள் கலப்பு நாய்களைவிடத் தூய இன நாய்களில் மிகுதி என்பதையும், இனத்துக்கு இனம் குறையின் வகை மாறுவதையும் காட்டினார். பூடிலில் மூடாத தமனி நாளம், நியூஃபவுண்ட்லாந்தில் பெருந்தமனிக்குக் கீழே குறுக்கம், பீகிளில் நுரையீரல் வால்வுக் குறுக்கம். இனப்பெருக்கச் சோதனைகள் மூலம் இவை தற்செயலல்ல, மரபு வழிப்பட்டவை என்பதும் உறுதியானது.

‘பெடிகிரி’ என்ற சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொக்கின் கால்’ என்று பொருள்படும் தொடர். வம்சாவளி அட்டவணையில் கிளை பிரியும் கோடுகள் கொக்கின் விரல்களைப் போலத் தோன்றியதால் வந்த பெயர் அது. தமிழில் வழங்கும் ‘சாதி நாய்’ என்ற தொடர் உவமை ஏதுமின்றி நேராகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறது: மூடிய வட்டத்துக்குள் மட்டும் மணம். கொக்கின் விரல்கள் வெளிநோக்கி விரிகின்றன. மூடிய பதிவேட்டிலோ பின்னோக்கிச் செல்லச் செல்லக் கோடுகள் மீண்டும் மீண்டும் அதே மூதாதையரிடம் குவிகின்றன.

கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இதற்குத் தெளிவான சான்று. பழைய ஓவியங்களில் காணும் நீண்ட முகச் சிறுநாய் மறைந்துவிட்டதைக் கண்ட அமெரிக்கர் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ், 1926இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அத்தகைய நாய்க்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். 1928இல் இனக் கழகம் உருவாயிற்று. 1945இல் பிரிட்டிஷ் கென்னல் கழகம் தனி இனமாக ஏற்றது. ஓவியத்தைப் பார்த்து மீட்டெடுக்கப்பட்ட இனம் என்பதால் அடித்தளமாக அமைந்த நாய்கள் சிலவே. இன்று உலகெங்கும் உள்ள கவாலியர்களில் ஏறத்தாழப் பாதி ஏழு வயதை எட்டும்போது இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கொண்டிருக்கின்றன. பத்து வயதைக் கடந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு.

சிக்கலின் முடிச்சு வயதில் இருக்கிறது. நோய் வெளிப்படும் முன்பே நாய் இருமுறை, மும்முறை ஈன்றுவிடுகிறது. இதனால்தான் 1990களின் இறுதியில் வல்லுநர்கள் வகுத்த வழிமுறை, இணை சேர்க்கும் நாய்க்குக் குறைந்தது இரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும், அதன் பெற்றோர் ஐந்து வயதிலும் முணுமுணுப்பற்றிருக்க வேண்டும் என்றது. தாத்தா பாட்டியின் இதயத்தைக் கேட்ட பிறகே பேரனைப் பற்றி முடிவு செய்வது என்று இதைச் சொல்லலாம். குட்டிக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிட்ட வளர்ப்பாளருக்கு இந்தப் பொறுமை எளிதன்று.

இரு அண்டை நாடுகள் இதை இரு விதமாகச் செய்து பார்த்தன. சுவீடனில் 2001இல் வந்த திட்டம் ஸ்டெதாஸ்கோப்பை நம்பியது. சில ஆண்டுகள் கழித்து மதிப்பிட்டபோது, ஆறு வயது நாய்களில் முணுமுணுப்பின் அளவு குறையவில்லை. டென்மார்க்கில் 2002 முதல் நடந்த திட்டம் கேட்பதோடு நிற்காமல், எக்கோ கருவி கொண்டு வால்வு இதழ்களின் பிதுக்கத்தையும் அளந்தது. தேறாத நாய்க்குப் பதிவேட்டில் இடமில்லை என்றது. 2016இல் வெளியான ஆய்வின்படி, கட்டாயத் திட்டத்துக்கு உட்பட்ட பெற்றோரின் வழிவந்த நாய்களில் நோய் அபாயம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 73 விழுக்காடு குறைந்திருந்தது. கட்டாயமற்ற பிரிவில் அத்தகைய குறைவு இல்லை. வேறுபாட்டைக் கருவிக்கு மட்டும் உரியதாகக் கருதுவது பிழை. பதிவு மறுக்கும் அதிகாரம் இல்லாமல் எக்கோ படமும் ஒரு தாள்தான்.

நார்வே இன்னும் கடுமையான வழியில் சென்றது. பரிசோதித்து விலக்குவதற்கு நோயற்ற நாய்கள் போதிய அளவில் எஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? கவாலியரைத் தூய இனமாகவே தொடர்ந்து பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. பிற இனங்களோடு கலப்பதற்குத் தடையில்லை.

மரபணுச் சோதனை இம்முடிச்சை அவிழ்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. டாபர்மேனின் இதயத்தசை நோயோடு தொடர்புடையதாக அமெரிக்க நாய்களில் ஒரு மரபணு மாற்றம் 2012இல் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய டாபர்மேன்களில் அத்தொடர்பு உறுதிப்படவில்லை. அந்த இனத்துக்கு இன்றும் 24 மணிநேர ஹோல்டர் பதிவும் ஆண்டுதோறும் எக்கோவும் தேவைப்படுகின்றன.

இந்தியாவில் 2017இல் நடுவண் அரசு அறிவித்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், வளர்ப்பாளர் பதிவைக் கட்டாயமாக்கின. பெண் நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும்; ஆண்டுக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்து; கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும். தாயின் உடலை வரம்பற்ற சுரண்டலிலிருந்து காக்கும் நோக்கில் இது நல்ல சட்டமே. ஆனால் 18 மாத நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் மருத்துவர் ஐந்தாம் வயதில் வரப்போகும் ஒலியைக் கேட்க இயலாது. சான்று பொய்யாகாமலே பயனற்றதாகிவிடும். திருவனந்தபுரத்தில் பாக்ஸரோ டாபர்மேனோ வாங்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் வம்சாவளித் தாளில் பாட்டனின் பெயரும் பட்டமும் இருக்கும். அவன் எவ்வயதில், எதனால் இறந்தான் என்பது இராது.

நாட்டு இனங்களுக்கு வரும்போது இன்னொரு கவனம் தேவை. எக்ஸ்ரே படத்தில் இதயத்தின் நீள அகலங்களை முதுகெலும்புக் கணுக்களால் அளக்கும் முறையை 1995இல் புக்கானன் வகுத்தார். அவர் கண்ட சராசரி 9.7. ஓடுவதற்கென்றே உருவான கிரேஹவுண்டில் நோயேதுமின்றியே இது பத்தைத் தாண்டும். தீங்கற்ற மெல்லிய முணுமுணுப்பும் அதில் இயல்பு. சிப்பிப்பாறையும் கன்னியும் அதே வகை வேட்டை உடலமைப்புக் கொண்டவை. பிற இனங்களின் சராசரியை வைத்து அவற்றை அளந்தால், நோயுள்ளதென்று நல்ல நாய்களை விலக்கி, ஏற்கெனவே சிறுத்துவிட்ட இனத்தை இன்னும் குறுக்கும் அபாயம் உண்டு. அவற்றின் இதயத்துக்கு அவற்றுக்கே உரிய அளவுகோல் முதலில் வேண்டும். அதற்கு நலமான நாய்களையும் முதுமை வரை ஆண்டுதோறும் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.