சுவரில் எழுந்த பூண்டு வாடை

அடைமழை சில நாள் நீடித்தால் நம் வீட்டுச் சுவர் மூலையில் பூசணம் பூப்பதையும், அலமாரியைத் திறந்ததும் ஒரு முடைவாடை எழுவதையும் நாம் அறிவோம். துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆனால், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சில வீடுகளில் எழுந்த வாடை மருத்துவர்களையே அஞ்ச வைத்தது.

கதை ஒரு பச்சை நிறத்தில் தொடங்குகிறது. 1775இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைச் சாயம் ஒன்றை ஆக்கினார். நம் பெரியவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்றார்களே, அதன் மூலப்பொருள்தான் ஆர்சனிக். கண்ணைக் கவரும் அந்தப் பச்சை, சுவர்த்தாள்களில் ஏறிற்று. மாவுப் பசையால் அவற்றை ஒட்டினார்கள். ஈரச் சுவர், உண்ண மாவு. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

1839இல் ஜெர்மானிய வேதியியலார் லியோபோல்ட் கெமலின், இத்தகைய ஈர அறைகளில் எழும் வாடை நஞ்சு என எச்சரித்தார். ஆனால் தாளிலிருந்த நஞ்சு காற்றில் ஏறியது எப்படி?

விடை தேடியவர் இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ. 1890களில் அவர் செய்த சோதனை நம் அடுக்களையிலேயே செய்யக்கூடியது போல் தோன்றும். (செய்துவிட வேண்டாம்!) உருளைக்கிழங்கை மசித்து, ஆர்சனிக் கலந்து, பூசணம் பிடிக்க விட்டார். வெள்ளைப்பூண்டு வாடை எழுந்தது. வளர்ந்த பூசணங்களைப் பிரித்துப் பார்த்ததில், ஒன்று ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுவதில் கைதேர்ந்ததாக இருந்தது. உடனே கோசியோ அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஒரு பொருளில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அறிய வேண்டுமா? அதில் அந்தப் பூசணத்தை வளர விடு. பூண்டு வாடை வந்தால் இருக்கிறது. மிகச் சிறிய அளவு நஞ்சையும் மூக்கே காட்டிக்கொடுத்தது. குற்றவாளியையே துப்பறிவாளனாக்கிய இந்தச் சாமர்த்தியம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த வாயுவின் அமைப்பு மட்டும் பிடிபடவில்லை. பிஜினெல்லி என்பவர் அதைப் பாதரச உப்புக் கரைசலில் சிறைப்பிடித்து ஒரு விடை சொன்னார், அது தவறு. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஃபிரெடரிக் சாலஞ்சரும் துணைவரும் ரொட்டித் துகளில் பூசணத்தை வளர்த்து, அது டிரைமீதைல் ஆர்சைன் என்று நிறுவினர்.

இனி நெப்போலியன். 1821இல் அவர் செயின்ட் ஹெலினா தீவில், லாங்வுட் என்ற ஈரம் மிகுந்த வீட்டில் இறந்தார். 1980இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலார் பிரிட்டிஷ் வானொலியில் பேசும்போது, அந்த வீட்டுச் சுவர்த்தாளின் நிறம் யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டார். ஒரு நேயர், தம் குடும்பத்தில் பாதுகாத்து வந்த தாள் துண்டையே கொண்டுவந்தார். நேயர்களின் வலிமையை நாம் குறைவாக எண்ணுவதற்கில்லை! ஆய்வில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.12 கிராம் ஆர்சனிக் தென்பட்டது. நோயாளியை மேலும் நலியச் செய்யலாம், கொல்லப் போதாது என்பது ஜோன்ஸின் கருத்து.

அவர் கருத்துக்கும் பின்னர் சோதனை வந்தது. 2005இல் கல்லன், பென்ட்லி என்னும் இரு அறிஞர்கள் பழைய சான்றுகளையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்த்தனர். நூறாண்டுக்கு மேல் எல்லாரையும் அச்சுறுத்திய அந்த வாயு, மூச்சில் சென்றால் அத்தனை கொடிய நஞ்சன்று என்றே அவர்களுக்குப் பட்டது. மூக்குக்குத் தெரிந்ததாலேயே பழி முழுவதும் வாடையின் மேல் விழுந்ததோ என்று நாம் ஐயுற இடமிருக்கிறது. வாடையே இல்லாமல் சாயத் துகளாக உதிர்ந்து, படுக்கையிலும் உணவிலும் படிந்த ஆர்சனிக் அதே அறையில்தான் இருந்தது.