மேற்பொருந்தும் தன்னுடல் தாக்குக் கல்லீரல் நோய்கள்

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்கும் நோய்களில் முக்கியமானவை மூன்று. தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி கல்லீரல் செல்களைச் சிதைக்கிறது. முதன்மைப் பித்தநாள அழற்சி நுண்ணிய பித்தநாளங்களை அழிக்கிறது. மூன்றாவதான முதன்மை இறுக்கப் பித்தநாள அழற்சியில் நாளங்கள் தழும்பேறிச் சுருங்குகின்றன. ஒருவரிடமே இவற்றில் இரண்டின் அடையாளங்கள் தென்பட்டால் அது மேற்பொருந்தும் நோய்.

இளம்பெண்களைப் பீடித்த நாள்பட்ட கல்லீரல் அழற்சியை 1950இல் சுவீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்தார். அதன்பின் ஆய்வின் ஒரு முக்கியப் பகுதி லண்டனில் நடந்தது. பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியரான ஷீலா ஷெர்லாக் 1959இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்தார். மிடில்செக்ஸ் மருத்துவமனையின் டெபோரா டோனியாக்கும் அவரும் சேர்ந்து, முதன்மைப் பித்தநாள அழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்பான்கள் இருப்பதை 1965இல் காட்டினர். 1971இல் வெளியான ராயல் ஃப்ரீ சோதனை தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சியின் சிகிச்சைக்கு வழி திறந்தது: பிரெட்னிசலோன் மருந்து பெற்ற 22 பேரில் 3 பேரே இறந்தனர், பெறாத 27 பேரில் 15 பேர்.

பெரியவர்களிடம் மேற்பொருந்தலை வரையறுக்க 1998இல் பாரிஸ் மருத்துவர்கள் அளவுகோல் வகுத்தனர். 2011இல் சர்வதேச நிபுணர் குழு அதைத் தனி நோயாகக் கருத வேண்டாம் என்றது. முதன்மையாகத் தெரியும் நோயின் பெயரையே சூட்டச் சொன்னது.

குழந்தைகளின் கதை வேறு. கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அலெக்ஸ் மோவாட் வளர்த்த குழந்தைக் கல்லீரல் பிரிவில், ஜார்ஜினா மியெலி-வெர்கானி குழுவினர் கல்லீரல் நோயும் தன்னுடலுக்கு எதிரான எதிர்ப்பான்களும் இருந்த 55 குழந்தைகளை 16 ஆண்டுகள் தொடர்ந்தனர். சந்தேகம் எழுந்தவர்களுக்கு மட்டுமன்றி, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பித்தநாளப் படம் எடுத்தனர். குழந்தைகளுக்கு எளிதான சோதனை அல்ல அது. ஆயினும் கண்டுபிடிப்பு அந்தப் பிடிவாதத்தில்தான் பிறந்தது. 2001இல் வெளியான முடிவின்படி 28 குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி மட்டும். 27 பேருக்கு நாளங்களும் கெட்டிருந்தன. தொடக்கத்தில் நாளக்கேட்டைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி நொதிகளின் அளவுகள் இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ இருப்பதால், ரத்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இவர்களில் பலரின் நாளக்கேடு கண்ணில் படாமல் போயிருக்கும். குடல் அழற்சியும் இரண்டாம் குழுவில் 44 சதவீதம், முதல் குழுவில் 18 சதவீதம். ஒரு குழந்தை காலப்போக்கில் முதல் குழுவிலிருந்து இரண்டாவதற்கு மாறியது.

இரண்டாம் குழுவின் நோய்க்குத் தன்னுடல் தாக்கு இறுக்கப் பித்தநாள அழற்சி என்று பெயர். இதைக் கண்டறிய இன்று காந்த அதிர்வுப் படமே பெரும்பாலும் போதும். பிரெட்னிசலோன், அசதயோப்ரின், அர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆகியவை தரப்படுகின்றன. கல்லீரல் செல்களின் அழற்சி நன்றாக அடங்கினாலும், சுமார் பாதிப்பேரிடம் நாளக்கேடு வளர்ந்துகொண்டே போகிறது. அந்த 27 குழந்தைகளில் நால்வருக்கு மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. மற்ற 28 பேரில் யாருக்கும் தேவைப்படவில்லை.